ஆயுத பூஜைக்குத் துடைத்த ஃப்ரிட்ஜ்

நேற்று நாலு மணி வாக்கில் எலுமிச்சை ஜூஸுக்கு ஐஸ் எடுக்கலாமென்று ஃப்ரீசரைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. உனக்குத்தான் தெரியுமே, உறைந்திருக்கும்வரை அதற்கு வாடையே கிடையாது. உன் மீன்களுக்கான ரத்தப்புழுக் கட்டிகள் எத்தனையோ வருஷமாக என் ஃப்ரீசரில்தான் இருக்கின்றன. கதவைத் திறந்தால் வெறும் குளிர்தான் வரும். நேற்று வந்தது தண்ணீர் வற்றிய வாய்க்கால் சேற்றின் நாற்றம். கையில் இருந்த டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன்.

ஃப்ரீசர் பளிச்சென்று இருந்தது. ஓரங்களில் எப்போதும் கட்டி கட்டியாக வளர்ந்திருக்கும் பனியைக் காணோம். வெளிக்கதவில் சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். உள்ளே புழு டப்பா மட்டும் வழக்கமான இடத்தில் இருந்தது. எடுத்து மூடியைத் திறந்தேன். குழி குழியாக இருக்கும் அந்த பிளாஸ்டிக் பாக்கெட்டில் ஒவ்வொரு கட்டியும் முனை மழுங்கிக் கிடந்தது. சில குழிகளில் பாதிதான் இருந்தது. மீதி சிவப்புத் தண்ணீராக வழிந்து டப்பாவின் அடியில் தகடாக உறைந்திருந்தது.

கரைந்து, மறுபடி உறைந்திருக்கிறது. அது புரிந்த உடனே டப்பாவை மூடக்கூட நிற்காமல் கூடத்துக்கு ஓடினேன். ஏனென்றால் இதே பாக்கெட்டிலிருந்து ஒரு கட்டியைக் காலையில்தான் அவசர அவசரமாகப் பிதுக்கி எடுத்து, ஐஸ் போட்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் உன் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். பூஜைக்கென்று விடிந்ததுமே வீடு முழுக்கச் சாம்பிராணி போட்டிருந்தார்கள். அந்தப் புகையில் எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. பார்க்கவும் இல்லை.

என் வீட்டுக்காரர் கூடத்தில் தையல் மெஷினுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்.

“நேத்து ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணீங்களா?”

“பின்ன? ஆயுத பூஜைக்குத் துடைக்க வேணாமா? புரட்டாசி மாசம், கறி மீனு ஒண்ணும் கிடையாது, ஃப்ரீசர் காலியாத்தானே இருக்கு. நீ ஆபீஸ் கிளம்பினதும் ஆஃப் பண்ணேன். ஐஸு எல்லாம் தானா கழண்டு விழுந்துச்சு. நல்லாத் துடைச்சு, சாயங்காலம்தான் போட்டேன்.”

“புழு டப்பாவை என்ன பண்ணீங்க?”

“அதை மறப்பேனா? மேடை மேல வெச்சு, எறும்பு ஏறாம தட்டு போட்டு மூடிட்டேன். அப்புறம் பத்திரமா உள்ள வெச்சுட்டேன். ஏன், கட்டியாத்தானே இருக்கு?”

ஒரு பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு கேட்டார். நானும் முந்தின நாள் ஆபீஸ் பூஜை முடிந்து பொரியும் சுண்டலுமாக வீடு வந்தவள், ஃப்ரிட்ஜ் பக்கமே போகவில்லை. அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திருச்சி வெயிலில், சமையலறை மேடையில், ஒரு பகல் முழுக்கக் கிடந்திருக்கிறது அது. கட்டியாகத்தான் இருக்கிறது. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தானே நினைத்தோம்?

இன்று விஜயதசமி. எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து எழுதுகிறேன், ஆனாலும் எழுத்து கோணல் மாணலாகத்தான் வருகிறது. இதை வேறு யாரிடம் சொன்னாலும், ஒரு மீனுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்பார்கள்.

நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து கோப்புகளைப் புரட்டியே தலை நரைத்தவர்கள். நீ ஸ்ரீரங்கம். வெங்காயம்கூட உள்ளே நுழையாத வீடு. நான் எடமலைப்பட்டி புதூர். ஞாயிற்றுக்கிழமையானால் மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காத வீடு. நீ யாருக்கும் பயப்படமாட்டாய், மேலதிகாரிக்கும் சரி, ரோட்டில் குறுக்கே வரும் மாட்டுக்கும் சரி. நான் லிஃப்டில் ஏறமாட்டேன். விடியற்காலையில் போன் அடித்தால் எடுக்கமாட்டேன். காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். “பயப்படறதுக்குன்னு ஒரு வேலை இருந்தா உனக்கு எப்பவோ பிரமோஷன் வந்திருக்கும்டி” என்று நீ ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வாய். எனக்குக் கோபம் வந்ததில்லை. உன் பக்கத்தில் உட்கார்ந்து பயப்படுவது ஒரு சௌகரியமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் பூ வாங்கப் போனவள், தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் பையோடு திரும்பி வந்தாய். உள்ளே வட்டமாக, காபி சாஸர் மாதிரி மூன்று மீன்கள். உடம்பெல்லாம் நீலக் கோடு. டிஸ்கஸ் என்று அதற்குப் பெயர் சொன்னாய். அவற்றை மேஜை மேல் வைத்துக்கொண்டு சாயங்காலம்வரை நீ ஒரு கோப்பும் பார்க்கவில்லை. ஆனால் வீட்டுக்குப் போனதும் அந்த மூன்றும் உலர்ந்த தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீன் கடைக்காரர், இந்த ஜாதிக்கு உறைய வைத்த ரத்தப்புழுதான் இறங்கும் என்று ஒரு பாக்கெட் கொடுத்து அனுப்பினார். அதை நீ உன் வீட்டு ஃப்ரீசரில் வைக்கப் போனபோதுதான் உன் மாமியார் ஃப்ரிட்ஜ் வாசலில் கையை விரித்து நின்றார்.

“பெருமாளுக்குப் பால் வெக்கற இடத்துல புழுவா? நான் இருக்கறவரைக்கும் நடக்காது.”

“பெருமாளே மத்ஸ்யமா வந்தவர்தானேம்மா. அப்போ அவர் என்ன சாப்ட்டார்னு யாராவது கேட்டாளா?” என்று நீ திருப்பிக் கேட்டாயாம். மாமி அதற்குப் பிறகு இரண்டு நாள் உன்னோடு பேசவில்லையாம். மறுநாள் நாளிதழில் சுற்றிய பாக்கெட்டை என் மேஜை மேல் வைத்து, “உங்காத்து ஃப்ரீசர்ல எல்லாந்தான் இருக்குமே, இதுவும் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்டி” என்றாய். அது ஏற்கெனவே வழியில் கரைந்து பாதியாகிவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினோம்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது நம் பிளாஸ்க் விவகாரம். தயிர் கொண்டுபோகிற வாயகன்ற பிளாஸ்க் இரண்டை அதற்கென்றே வாங்கி, யாரும் தப்பித் தவறிக்கூடத் திறந்து வாயில் வைத்துவிடக் கூடாதென்று கழுத்தில் சிவப்பு நூல் கட்டினாய். காலையில் நான் ஒரே ஒரு கட்டியைச் சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு, டப்பாவைச் சுற்றி ஐஸை அடைத்து எடுத்து வருவேன். சாயங்காலம் நீ எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போவாய். போய்ச் சேரும்போது கட்டி இளகியிருக்கும், ஆனால் சில்லென்று இருக்கும். விளக்கு வைக்கிற நேரத்தில், மீன் தொட்டித் தண்ணீரையே ஒரு கிண்ணத்தில் எடுத்து, அதில் கட்டியைப் பிரிய விட்டு, டீ வடிகட்டியில் அந்தச் சிவப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவாய். மீன்கள் தின்னாமல் விட்டதைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே எடுப்பாய். லீவு நாளானால் சத்திரத்தில் சந்திப்போம். பூ வாங்குவது போல ஒரு பேச்சு, வாழைக்காய் வாங்குவது போல ஒரு பேச்சு, நடுவில் பிளாஸ்க் கை மாறும்.

ஒருதரம் என் கொழுந்தன் வந்திருந்தபோது, ஃப்ரீசரில் இருந்த பாக்கெட்டைப் பார்த்து சாக்லேட் என்று நினைத்து ஒரு கட்டியைப் பிதுக்கிவிட்டார். வாய்க்குப் பக்கத்தில் போன கையைத் தட்டிவிட்டேன். அன்றைக்கு எனக்குப் போன உயிர் திரும்ப வர வெகு நேரமாயிற்று. நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் மறுநாளே இறுக்க மூடுகிற டப்பா ஒன்று வாங்கி வந்து, மேலே பெரிய எழுத்தில் ‘மீன் தீனி’ என்று எழுதிக் கொடுத்தாய். வெறுங்கையால் தொட்டு என் விரலெல்லாம் தடித்து அரித்தபோது, “ஸ்பூன் எதுக்குடி இருக்கு? சில பேருக்கு இது மூச்சுத் திணறல் வரைக்கும் கொண்டு போய் விடுமாம்” என்று மிரட்டினாய். என்னைப் பயமுறுத்தித்தான் எதையும் செய்ய வைக்க முடியும் என்று உனக்குத் தெரிந்திருந்தது.

நீ பயந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அது ஒரு கோடை. நாளெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. கடையில் புதுப் பாக்கெட் வாங்கினோம். கட்டிகள் கொஞ்சம் உருமாறி இருந்தன, பாக்கெட்டுக்குள்ளே பனி பூத்திருந்தது. கடையிலேயே ஒருமுறை கரைந்து உறைந்தது என்று நமக்குத் தெரியவில்லை. “கட்டியாத்தானே இருக்கு” என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டோம். அதைப் போட்ட மறுநாள் மூன்று மீன்களில் ஒன்று கரி மாதிரி கறுத்துவிட்டது. வயிறு உப்பி, தொட்டியின் மூலையில் தலையைக் குனிந்துகொண்டு நின்றது. தண்ணீர் கலங்கிப் போயிற்று. நீ லீவு போட்டுவிட்டாய். நான் ஆபீஸிலிருந்து அப்படியே உன் வீட்டுக்கு வந்தேன். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்திருந்தாய்.

“எனக்குப் பயமா இருக்குடி” என்றாய்.

அந்த ஒரு வார்த்தையில் நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். மீனுக்காக அல்ல. நீயே பயந்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பது என்று. பொழுது சாய்வதற்குள் அந்த மீன் போய்விட்டது. மற்ற இரண்டும் தப்பின.

அதற்கப்புறம் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் முதலில் கட்டியின் விளிம்பைத் தடவிப் பார்ப்பாய். விளிம்பு கூராக இருக்கிறதா, அடியில் சிவப்புத் தகடு இருக்கிறதா, உள்ளே பனி கோத்திருக்கிறதா என்று பார்க்காமல் கடையை விட்டு நகரமாட்டாய். “கரைஞ்சது கரைஞ்சதுதான். அதைத் திரும்ப உறைய வெச்சு நல்லதுன்னு சொல்றது நம்மளை நாமே ஏமாத்திக்கறதுடி” என்பாய். கடைக்காரர் நம்மைக் கண்டாலே பாக்கெட்டை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் காட்டப் பழகிக்கொண்டார்.

மாசியில் நீ போனாய். ஆபீஸுக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், ஆட்டோவில் போகும்போதே போய்விட்டாய் என்று போன் வந்தது. நான் கொண்டு வந்திருந்த பிளாஸ்க் என் மேஜையிலேயே நின்றது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ என் தோளைப் பிடித்து எழுப்பி உன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள்.

காரியமெல்லாம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து உன் வீட்டுக்காரர் போன் பண்ணினார். நான் சார் என்று மட்டும் கூப்பிடுகிற, என்னோடு அதிகம் பேசியிராத மனிதர். “அதுகள் ரெண்டும் ஒண்ணும் சாப்பிட மாட்டேங்கறதும்மா. அவ என்ன போடுவாள்னு உங்களுக்குத்தான் தெரியும்” என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. மறுநாள் காலை சத்திரத்தில் வந்து நின்றார். கிண்ணம், வடிகட்டி, ஸ்பூன் எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் ஆபீஸுக்குப் போகும் வழியில் பிளாஸ்க்கை அவரிடம் கொடுப்பேன், முந்தின நாள் கொடுத்த காலிப் பிளாஸ்க்கை வாங்கிக்கொள்வேன். நீ சிவப்பு நூல் கட்டிய அதே ஜோடிதான்.

அவர் மெலிந்து போய்விட்டார். சாயங்காலம் வரைக்கும் ஒன்றும் சாப்பிடுவதில்லையாம். ஒருநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அவராகவே சொன்னார். “அதுகள் சாப்ட்டு முடிச்சாத்தான் எனக்குப் பசின்னு ஒண்ணு வரது. அதுவரைக்கும் இலையில உட்காரவே தோணலை.” நான் பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

இப்போது புரிகிறதா நேற்று எனக்கு ஏன் கை கால் ஓடவில்லை என்று? மீன் செத்தால் மீனோடு போகாது. அந்த மனிதர் தட்டில் கை வைப்பதே அந்த இரண்டையும் நம்பித்தான். என் ஃப்ரீசரிலிருந்து, என் கையால், நான் ஐஸ் போட்டுப் பத்திரமாகப் பொதிந்து, உன் வீட்டுக்கு இன்னொரு சாவை அனுப்பி வைத்திருக்கிறேன் என்றுதான் எனக்குத் தோன்றியது. விளக்கு வைப்பதற்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

அவருக்குப் போன் பண்ணினேன். அடித்து அடித்து நின்றது. மத்தியானத்துக்கு மேல் கோயிலுக்குப் போகும்போது போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவார். மாமிக்குக் காது மந்தம், போன் அடிப்பது தெரியாது. என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி வந்த பிறகு எங்கள் வீட்டு வண்டியை விற்றாயிற்று. ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினேன். எல்லா ஆட்டோவும் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றன. ஓட்டுகிறவர்கள் எல்லாம் ஒரு படத்தின் முன்னால் பூஜையில் இருந்தார்கள். “முடிய நேரமாகும்க்கா, பஸ்ல போயிடுங்க” என்று ஒருவர் விபூதியை நீட்டினார். அதையும் வாங்கிப் பூசிக்கொண்டு ஓடினேன்.

டவுன் பஸ் பிடித்துச் சத்திரம்வரை வந்துவிட்டேன். அங்கே கால் வைக்க இடமில்லை. வாழைக்கன்றும் செவ்வந்திப்பூவும் பொரி மூட்டையும் நடைபாதை முழுக்க. ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். ஸ்ரீரங்கம் பஸ் நின்றிருந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடிக்குச் சந்தனம் பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது. ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் கீழே இறங்கி நின்றார்.

“எப்பங்க எடுப்பீங்க?” என்று கண்டக்டரைக் கேட்டேன்.

“பூசை முடியட்டும்மா. எலுமிச்சம்பழம் வாங்க ஆள் போயிருக்கு.”

“கொஞ்சம் அவசரங்க.”

“யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

என்ன சொல்வது? மீனுக்கு என்று சொன்னால் இறக்கி விட்டுவிடுவார். ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. “அண்ணே, சீக்கிரம் காட்டுண்ணே, இந்தம்மாவுக்கு ஆஸ்பத்திரி சோலி” என்று கத்தினார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரங்கநாதர் பாத்துக்குவார்க்கா, அழாதீங்க” என்றாள். நான் அழுதுகொண்டிருக்கிறேன் என்று அவள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

கற்பூரம் காட்டினார்கள். பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் வந்து, டயருக்கு அடியில் வைத்து, வண்டி அதன் மேல் ஏறி நசுக்கிய பிறகுதான் பஸ் கிளம்பியது. அதுவரைக்கும் நான் மேற்கே போகிற வெயிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்காதேடி. பாலத்தில் ஏறியபோது கண்ணை மூடவில்லை. மூடினால் அந்தக் கறுத்துப் போன மீன் வந்து நிற்கும் என்று பயம். ஆற்றில் தண்ணீர் சுழித்துக்கொண்டு போயிற்று, நான் கண்ணைத் திறந்துகொண்டே பார்த்தேன். ஒரு பயத்தை இன்னொரு பயம் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

உன் தெருவுக்குள் நுழைந்தபோது வாசல்களில் விளக்கு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். ஓடினேன். செருப்பை எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. உன் வீட்டுக்காரர் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தொட்டியின் மேல் கிண்ணம் இருந்தது, பக்கத்தில் வடிகட்டி, ஸ்பூன். கிண்ணத்தில் ஒன்றும் இல்லை. ஈரமாக மட்டும் இருந்தது.

போட்டாயிற்று.

தொட்டியைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து, “என்னம்மா, என்ன ஆச்சு? உட்காருங்கோ, உட்காருங்கோ” என்று பதறினார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கட்டியை, அந்தக் கட்டியை என்று மட்டும் சொன்னேன்.

“அதைத்தான் அம்மா கொட்டிட்டாளே” என்றார்.

உள்ளேயிருந்து மாமி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு இப்போது கண் ரொம்ப மங்கிவிட்டது. எதிரே நிற்பது யார் என்று நிழலாகத் தெரிகிற உருவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். “யாரு, எடமலைப்பட்டிக்காரியா? வாடிம்மா” என்றார். பிறகு என் கிட்டே வந்து, காது மந்தமானவர்கள் பேசுகிற சத்தமான குரலில் சொன்னார்:

“இவன் கிண்ணத்துல போட்டுக் கரைச்சுண்டிருந்தான். நான் அந்தண்டை போனேன். நாத்தம் வேற மாதிரி அடிச்சுது. போடாதேடா, கொண்டான்னு வாங்கிக் கொல்லையில கொட்டி மண்ணைத் தள்ளிட்டேன். இத்தனை வருஷமா மூக்கைப் பொத்திண்டு அந்த நாத்தத்தோட குடித்தனம் பண்ணியிருக்கேன். அது தினம் எப்படி நாறும்னு எனக்குத் தெரியாதா? கண்ணுதான் போச்சு, மூக்கு இருக்கே.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உன் மாமியாரின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். பூஜைக்கு மடியாக இருந்தவர், என்னைத் தள்ளிவிடவில்லை. “எதுக்குடி இப்படி நடுங்கறே” என்று தலையில் கை வைத்தார். அந்தக் கையில் மண் வாசனையும் அந்த நாற்றமும் இன்னும் கொஞ்சம் இருந்தது.

கொஞ்சம் ஆசுவாசமானதும் தொட்டியைப் பார்த்தேன். உன் மீன்கள் இரண்டும் கண்ணாடிக்கு அருகில் வந்து, எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றன. நிறம் மாறவில்லை. நீலக் கோடு பளபளத்தது. ஒரு வேளை பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது என்று சாரிடம் சொன்னேன். அவர் எதற்கும் இருக்கட்டுமென்று உலர்ந்த தீனி டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை போட்டார். பெரியது முகர்ந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. சின்னது ஒரு வாய் எடுத்துத் துப்பி, பிறகு என்ன நினைத்ததோ, மறுபடி எடுத்துத் தின்றது. அதைப் பார்த்துவிட்டுப் பெரியதும் வந்தது. மாமி சுண்டல் கொண்டு வந்து வைத்தார். சார் சுண்டல் கிண்ணத்தைக் கையில் எடுத்து, தொட்டியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். நான் என் பங்கு சுண்டலைத் தொடாமலே வைத்திருந்தேன். பயம் போன பிறகும் உடம்பு கொஞ்ச நேரம் பயந்துகொண்டுதான் இருக்கும் போலிருக்கிறது.

என் வீட்டில் நடந்ததையெல்லாம் சொன்னேன். தட்டு போட்டு மூடி வைத்ததைச் சொன்னபோது சார் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. மிச்சமிருக்கிற பாக்கெட்டை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு நாளைக்குப் புதிதாக வாங்கி வருகிறேன், விளிம்பைத் தடவிப் பார்த்து வாங்குகிறேன் என்று சொன்னேன்.

நான் கிளம்ப எழுந்தேன். மாமி வாசல்வரை கூடவே வந்தார். அங்கே நின்றுகொண்டு, எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் அதைச் சொன்னார்.

“நீ எதுக்குடி தினம் இதைத் தூக்கிண்டு அலையறே? நம்மாத்து ஃப்ரீசர்லயே வெச்சுடலாம். நானே சொல்றேன். பெருமாள் கோச்சுக்க மாட்டார். அவளுக்குத்தான் அப்போ இடம் கொடுக்காம இருந்துட்டேன்.”

நேற்று பூராவும் நான் பயந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டது அந்த வார்த்தை. நாளைக் காலையில் எழுந்து ஐஸ் தட்டை உடைக்க வேண்டாம். சத்திரத்தில் யாருக்காகவும் நிற்க வேண்டாம். உன் வீட்டுக்கு நான் வருவதற்கு ஒரு காரணமும் இருக்காது. உன்னை இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டு போகிறார்கள் என்று தோன்றியது. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. வழியில் கரையாமல் இருக்கும், மீனுக்கும் அதுதான் நல்லது. எல்லாம் தெரிந்தும் நான் அவர் காதருகே குனிந்து, வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன்.

“உங்க ஃப்ரிட்ஜ் பழசு மாமி. கரண்ட் போனா தாங்காது. நானே கொண்டு வரேன்.”

மாமி தெரியாத கண்ணால் என் முகம் இருக்கிற பக்கம் திரும்பினார். பிறகு என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“ஆமாண்டிம்மா, பழசுதான். நீயே கொண்டு வா. உனக்கு முடியறவரைக்கும் கொண்டு வா.”

போன தீபாவளிக்கு நீ வாங்கிப் போட்ட ஃப்ரிட்ஜ் அது. கதவில் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட மாமி இன்னும் யாரையும் கிழிக்க விடவில்லை.